டீச்சரிடம் கேளுங்கள்: விசாரித்துவிட்டுப் போங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மே மாத லீவில் நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளின் வாலிபர் ஐக்கியங்களும் சேகரக் குழுக்களும் நேபாளத்துக்கும் இலங்கைக்கும் மிஷனரி பயணம் கிளம்புகிறார்கள், அங்கே பிள்ளைகள் இல்லங்களிலும் மாற்றுத்திறனாளிகள் இல்லங்களிலும் ஊழியம் செய்யப் போகிறார்கள், அதைப் பற்றித்தான் கேள்விகள். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

டீச்சர், நான் பி.எட். படிக்கிறேன். எங்கள் சபை வாலிபர்கள் 14 பேர் மே மாதம் பத்து நாள் காட்மாண்டு போகிறோம். அங்கே ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் பாட்டு, பொம்மலாட்டம், விளையாட்டு நடத்தி பரிசு கொடுக்கத் திட்டம். ஆளுக்கு 38 ஆயிரம் ரூபாய் ஆகிறது. எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபித்து அனுப்புகிறார். என் பெரியம்மா மட்டும், "பத்து நாள் கொஞ்சிட்டு வந்துட்டா அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போகலாமா, வேண்டாமா?
– மெஞ்ஞானபுரம்

மகளே, உன் பெரியம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் வளர்ந்த போர்டிங்கில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாமல் என்னை ஒரு விடுதியில் சேர்த்தாள். ஒவ்வொரு டிசம்பரிலும் வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம் அங்கே வரும். ஒரு வருஷம் வந்த அக்கா ஒருத்தி எட்டு நாளும் எனக்குத் தலை பின்னிவிட்டாள், மடியில் வைத்துக்கொண்டாள், போகும்போது தன் தலையில் இருந்த நீலக் கிளிப்பைக் கழற்றி என் தலையில் குத்திவிட்டு அடுத்த வருஷம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நாள் எண்ணினேன். அடுத்த டிசம்பரில் வேறு கூட்டம் வந்தது. அதற்கடுத்த டிசம்பரிலும் வேறு கூட்டம்தான். அப்புறம் யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறி உட்காரப் பழகிவிட்டேன், ஏனென்றால் முதலில் ஓடுகிற பிள்ளைக்குத்தான் சாக்லேட்டும் மடியும் கிடைக்கும். வந்தவர்கள் எல்லாம் "எவ்வளவு பாசமான பிள்ளை" என்றார்கள். அது பாசம் இல்லை. பின்னாளில் சிறப்புப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது. அரவணைப்பில் வளர்கிற பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். முன்பின் தெரியாத ஆளிடம் கூச்சமே இல்லாமல் ஒட்டிக்கொள்கிற பிள்ளை, பல பேர் வந்து வந்து விட்டுப்போன பிள்ளையாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நான் இதுவரை எழுதியதில்லை. அம்மா மாதம் ஒருமுறை பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவாள். ஒரு டிசம்பரில் விருந்தாளிகள் இருந்த நாளில் வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவர்கள் போகட்டும் என்று கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள், ஏனென்றால் உள்ளே எங்கள் எல்லாரையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். நான் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே விருந்தாளிகளுக்கு ஆக்‌ஷன் சாங் பாடினேன்.

இது என் ஒருத்தி கதை என்று நினைக்காதே. உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-ல் சொன்னது. வறுமைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுகிறது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், ஹும்லா மாதிரியான மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போய், காட்மாண்டுவில் நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொல்லி, பெற்றவர்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து அநாதைகள் என்று எழுதி இல்லங்களில் வைத்தார்கள். அங்கே இல்லங்கள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன தெரியுமா? காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன், அதாவது வெளியூர்க்காரர்கள் சுற்றிப் பார்க்கப் போகிற இடங்களில். பார்க்க வருகிறவர்கள் காணிக்கை போடுகிறார்கள், காணிக்கை வருவதால் இல்லங்கள் முளைக்கின்றன, இல்லம் நடக்கப் பிள்ளைகள் வேண்டும். 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு, பெற்றோரோ பொறுப்பாளரோ கூட இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்று அரசாங்கமே தடை போட வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் போய்வருவதால் வரும் கேட்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

எல்லா இல்லமும் இப்படி இல்லை. நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகளைத் தாய் மாதிரி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் விசாரிக்கச் சொல்கிறேன். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கும்படி யாக்கோபின் நிருபத்தில் படிக்கிறோம், நம் தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் வருகிற சொல்லே விசாரிக்கிறது என்பதுதான். நம் ஊரில் விசாரிப்பது என்றால் நலம் கேட்பது மட்டுமில்லை, தீரக் கேட்டுத் தெரிந்துகொள்வதும்தான். கல்யாணம் பேசும்போது பெண் வீட்டை, மாப்பிள்ளை வீட்டை எப்படி விசாரிக்கிறோமோ அதில் பாதியாவது, பத்து நாளுக்கு நீங்கள் போகிற இந்த இல்லத்தை விசாரியுங்கள். அரசாங்கத்தில் பதிவு இருக்கிறதா, இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாய் தகப்பன் உண்டு, அவர்கள் எப்போது வந்து பார்க்கலாம், போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காமார் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள். இன்னொரு கேள்வி, உங்களைப் பற்றி அவர்கள் ஏதாவது கேட்டார்களா? காசு கொண்டுவருகிற யாரையும் அடையாளச் சான்று கூடக் கேட்காமல் பிள்ளைகள் தூங்குகிற அறை வரைக்கும் விடுகிற இல்லத்துக்கு நீ போகவே கூடாது.

இப்போது இருக்கிற திட்டத்தோடு போகாதே என்பதுதான் என் பதில். 14 பேருக்கு 5 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய் ஆகிறது, கூட்டிப் பார். அந்த இல்லம் நல்ல இல்லம்தான் என்று விசாரித்துத் தெரிந்தால், இரண்டு மூன்று பேர் மட்டும் போங்கள், அதுவும் அந்த அக்காமாருக்கு உதவியாக. அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிற மாதிரி நீங்கள் பாத்திரம் கழுவுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், போர்வைகளைத் துவைத்துக் காயப் போடுங்கள். நீ கிளம்பும்போது எந்தப் பிள்ளையும் அழவில்லை என்றால் நல்லபடியாக ஊழியம் செய்திருக்கிறாய் என்று அர்த்தம். மிச்சப் பணத்தை, பிள்ளைகளைச் சொந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பி அந்தக் குடும்பம் பிழைக்க வழி செய்கிற வேலைக்குக் கொடுங்கள், அப்படிச் செய்கிறவர்கள் நேபாளத்திலேயே இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து வந்ததால்தான் நம் சீமையில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தன. இன்றைக்கு நாம் போனால் மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்?
– இடையன்குடி

ஐயா, நீங்கள் இடையன்குடியில் இருந்துகொண்டு கேட்பதால் உங்கள் ஊரையே சொல்கிறேன். மிஷனரி கால்டுவெல் 1841-ல் அங்கே வந்தார், உங்கள் கோயில் 1880-ல் பிரதிஷ்டை ஆனது. நடுவில் எத்தனை வருஷம் என்று பாருங்கள். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் 1838-ல் இறந்து அங்கேயே அடக்கம் ஆனார். ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் டோனாவூரில் கண்ணை மூடும் வரைக்கும் ஒரு தடவை கூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்தார், சேலை கட்டினார், அவர் வளர்த்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியும் அவர் இருந்தார், அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன அன்றைக்கும் இருந்தார். தன் கல்லறை மேல் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் குளிக்க ஒரு தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கிற ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பார்வையற்றோருக்குத் தொடங்கிய பள்ளியும், சுவெயின்சன் அம்மையார் 1897-ல் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளியும் இன்றைக்கும் நடக்கின்றன என்றால், வந்தவர்கள் தங்கினார்கள், தாங்கள் போன பிறகு நடத்த இந்த ஊர் ஆட்களைப் பழக்கினார்கள், அதனால்தான்.

நம் ஆட்களே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போய், அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம், 1903 பிப்ரவரியில், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பகுதிக்குப் போனவர்கள் தெலுங்கு படித்தார்கள், அங்கேயே வாழ்ந்தார்கள். அந்த அசரியா 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நின்று, நீங்கள் எங்களுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேல்நாட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். இப்போது அந்த இடத்தில் நாம் நிற்கிறோம். காட்மாண்டுவில் இருக்கிற ஒரு பிள்ளைக்கோ, அவளைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கோ பத்து நாளில் நண்பராக முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே ஆட்களிடம், பத்து வருஷம் தொடர்பு விடாமல் போகிற குழு என்றால் நானும் காணிக்கை போடுகிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸ், ஆறு வருஷ அனுபவம். எங்கள் குழு நேபாள மலைக் கிராமத்தில் மருத்துவ முகாம் நடத்துகிறது. ஒரே ஒரு டாக்டர்தான் வருகிறார். கூட்டம் வந்தால் நீங்களே பார்த்து மருந்து கொடுத்துவிடலாம் என்கிறார்கள். சரியா?
– நாசரேத்

சரியில்லை. இங்கே உங்கள் வார்டில் நீங்களாகச் செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள், ஏழைக்கு இது போதும் என்ற எண்ணம் நமக்குள் வந்துவிடக் கூடாது. நேபாளத்தில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் தனித்தனிக் கவுன்சில் உண்டு, வெளிநாட்டார் சிகிச்சை செய்வதற்கு முன்னால் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், அதைக் குழுத் தலைவர் வாங்கிவிட்டாரா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பிரஷருக்கும் சுகருக்கும் வலிப்புக்கும் பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் பதினோராவது நாள் என்ன ஆகும்? வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர் அரசு சுகாதார நிலையத்து ஆட்களை முகாமில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், அங்கே தொடர்ந்து கிடைக்கிற மருந்தை மட்டும் எழுதுங்கள், யாருக்கு என்ன பார்த்தீர்கள் என்ற குறிப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். டாக்டர் ஒருவர்தான் என்றால் ஒருவர் பார்க்க முடிகிற அளவுக்கு மட்டும் டோக்கன் கொடுங்கள்.

அங்கே சுவிசேஷம் சொல்லலாமா, கூடாதா? பார்டரில் கேட்டால் டூர் என்று சொல்லிவிடுங்கள் என்று கூட்டிப்போகிறவர் சொல்கிறார்.
– சாயர்புரம்

தம்பி, நேபாளத்துக்குப் போக நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், அதனால் சட்டமும் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அவர்கள் 2015 அரசியல் சாசனத்தின் 26-வது பிரிவே ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஐந்து வருஷம் வரைக்கும் சிறையும் 50 ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதமும் உண்டு, வெளிநாட்டுக்காரராக இருந்தால் தண்டனை முடிந்து ஏழு நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று நாம் வாதாடலாம், ஆனால் நீ ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிய பிறகு போலீஸ் வந்து நிற்பது அந்த ஊர்ப் போதகர் வீட்டு வாசலில். என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று அவர் சொல்வதைக் கேள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பசித்தவன் கையில் அரிசியைக் கொடுக்கிற அதே நிமிஷத்தில் அவனிடம் ஜெபிக்கலாமா என்று கேட்டால் அவனால் முடியாது என்று சொல்ல முடியுமா? அரிசிக்காக மதம் மாறினவர்கள், அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று நம் தாத்தாக்களைச் சொன்ன பேச்சு எவ்வளவு வலித்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார். அந்தப் பேச்சை இன்னொருவர் வாங்கும்படி நாம் செய்யக் கூடாது. உதவியை உதவியாகவே கொடு, ஏன் வந்தாய் என்று அவர்களாகக் கேட்டால் உண்மையைச் சொல். பார்டரில் பொய் சொல்லி ஆரம்பிக்கிற ஊழியம் எனக்கு உடன்பாடில்லை.

என் மகளுக்கு 19 வயது. குழுவோடு இலங்கைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. எல்லாரும் விசுவாசிகள்தானே, என்ன பயம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வள்ளியூர்

பயப்படுவது தப்பில்லை அம்மா. விசுவாசிகள் என்பதாலேயே கேட்காமல் விட்டுவிடுகிற இடங்களில்தான் கெட்டது நடக்கிறது. குழு போகிற இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்குக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள், அவர்களுக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்? குழுவில் ஒவ்வொருவரும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருக்கவே கூடாது. குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் இல்லத்து ஆட்கள் மட்டுமே செய்ய வேண்டும். இது போதகருக்கும் பொருந்தும். ஏதாவது தப்பாகக் கண்டால், "ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரும், சும்மா இரு" என்று யார் சொன்னாலும் சும்மா இருக்க வேண்டாம் என்று மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இலங்கையில் குழந்தைகளுக்கான உதவி எண் 1929. நேபாளத்திலும் நம் நாட்டிலும் 1098. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த நம் நாட்டு போக்சோ சட்டம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதையே குற்றம் என்கிறது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கேயே விசாரிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இவற்றைக் கேட்டதும் குழுத் தலைவர் கோபப்பட்டால் மகளை அனுப்பாதீர்கள்.

இலங்கை மலையகத்தில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றுக்குப் போகிறோம். நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள்தான். நீங்கள் சிறப்புப் பள்ளியில் இருந்தவர், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.
– வீரவநல்லூர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. ஆளோடு பேசுங்கள், ஆளைத் தள்ளிக்கொண்டு வருகிறவரோடு அல்ல. சக்கர நாற்காலியில் இருக்கிற 40 வயது மனுஷனைப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கிறவரிடம் "சாப்பிட்டாரா?" என்று கேட்கிறோம், அவருக்கு வாய் இருக்கிறது. வயதில் பெரியவரை "வா, போ" என்று கொஞ்சாதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள், அண்ணாச்சி என்றோ அம்மா என்றோ கூப்பிடுங்கள். சக்கர நாற்காலி அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி, கேட்காமல் தொடவோ நகர்த்தவோ கூடாது. பார்வை இல்லாதவர் அருகில் போனால் முதலில் பெயரைச் சொல்லுங்கள், அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார், படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள், போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நகர்ந்துவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

காது கேளாதவர்களுக்குச் சைகை மொழி உலகம் முழுக்க ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தியச் சைகை வேறு, நேபாளச் சைகை வேறு, இலங்கையில் வேறு. நான் முதன்முதலில் காட்மாண்டு போனபோது எனக்குத் தெரிந்த சைகையை நம்பிப் போய், முதல் இரண்டு நாள் அந்தப் பிள்ளைகளிடம் மாணவியாக உட்கார்ந்தேன். அவர்களுக்கு அது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, யாரோ ஒருவர் தங்களிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்று!

ஒன்றே ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். சாப்பாடு ஊட்டுவது. பெருமூளை வாதம் இருக்கிற பிள்ளைக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் சோறு நுரையீரலுக்குள் போய்விடும். ஆசையாக ஊட்டுகிறோம், பிள்ளை இரண்டு நாளில் காய்ச்சலில் படுக்கும், அப்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், தாடை லேசாகக் கீழே இருக்க, சின்ன ஸ்பூனில் ஒரு வாய் கொடுத்து அது இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தினமும் ஊட்டுகிற அக்கா பக்கத்தில் நின்று காட்டித்தராமல் தொடவே தொடாதீர்கள். கேக்கும் முறுக்கும் கொண்டுபோய் எல்லார் வாயிலும் வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

மொழி ஒன்றுதான், ஆனால் வாழ்க்கை ஒன்றில்லை. அவர்களுடைய பெரியவர்கள் 200 வருஷத்துக்கு முன்னால் இருந்தே நம் பக்கத்து ஊர்களில் இருந்தும் கிளம்பிப்போய்த் தேயிலையும் காப்பியும் வளர்த்தவர்கள், இன்னமும் பல குடும்பங்கள் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கின்றன. "ஐயோ பாவம்" என்று முகத்தை வைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரியப்பா வீட்டுக்குப் போகிற மாதிரி போங்கள்.

ஃபோட்டோ எடுக்கலாமா? காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் அல்லவா?
– பணகுடி

பிள்ளைகள் முகம் வேண்டாம். நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதையே தடுக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைக்கு இருக்கிற மானம் அந்த ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு. நான் சிறு பிள்ளையாக மூக்கு ஒழுக நிற்கிற ஒரு படம் எந்த நாட்டிலோ யார் வீட்டிலோ இன்னும் இருக்கும், என்னிடம் அது இல்லை. நீங்கள் சுண்ணாம்பு அடித்த சுவரைப் படம் எடுங்கள், கணக்கை ரசீதோடு காட்டுங்கள், காணிக்கை போட்டவர்களுக்கு அது போதும்.

எனக்கு 61 வயது, எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இங்கிலீஷ் தெரியாது, பிரசங்கமும் வராது. என்னைப் போன்ற ஆளுக்கு இதில் இடம் இருக்கிறதா?
– திசையன்விளை

அண்ணாச்சி, உங்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு எத்தனை பேர் ஓடிவந்தார்கள். பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து ரோட்டு ஓரத்தில் நனைந்து கிடந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு பையன் வந்தான், மோட்டார் ரிப்பேர் தெரிந்தவன். வீடு வீடாகப் போய் மோட்டாரைக் கழற்றி, சேற்றைக் கழுவிக் காயவைத்து, திரும்ப மாட்டி ஓடவைத்தான். ஜெபிக்கிறேன் என்றோ படம் எடுக்கிறேன் என்றோ சொல்லவில்லை. தண்ணீர் வந்ததும் நாங்கள் எங்கள் வீட்டை நாங்களே கழுவிக்கொண்டோம்.

இல்லங்களில் வயரிங் பழசாக இருக்கும், பிள்ளைகள் கை எட்டுகிற இடத்தில் சுவிட்ச் போர்டு உடைந்து தொங்கும். மலையகத்துக்குப் போனால் மொழிப் பிரச்சினையே இல்லை. முதலில் கடிதம் போட்டு என்ன வேலை இருக்கிறது, அங்கேயே ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள், உள்ளூர் எலெக்ட்ரீஷியன் கூலியைக் கெடுக்க வேண்டாம், முடிந்தால் அவரையே கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், காணிக்கைப் பணத்தில் அவருக்குக் கூலி கொடுங்கள். விசா சுற்றுலாவுக்கு என்றால் அதில் வேலை செய்யலாமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நேபாளம் போய்வந்தேன். அங்கே ஒரு 12 வயதுப் பிள்ளை என் நம்பரை வாங்கிக்கொண்டாள். இப்போது வாட்ஸப்பில் "அக்கா, எப்போ வருவீங்க, ஸ்கூலுக்குப் பணம் வேணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று செய்தி வருகிறது. மனசு கேட்கவில்லை. அனுப்பலாமா?
– பாளையங்கோட்டை

அனுப்பாதே. மனசு கேட்காதுதான், எனக்குத் தெரியும். ஆனால் 12 வயதுப் பிள்ளை கையில் யாருடைய போன் இருக்கிறது, எழுதுவது அவள்தானா, அவளை வைத்து வேறு யாராவது எழுதுகிறார்களா என்று உனக்குத் தெரியாது. "யாரிடமும் சொல்லாதே" என்று பிள்ளை எழுதினால் அதைக் கட்டாயம் பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, உன் குழுத் தலைவருக்கும் அந்த இல்லத்துப் பொறுப்பாளருக்கும் இன்றைக்கே காட்டு. அந்தப் பொறுப்பாளர் மேலேயே சந்தேகம் இருந்தால், வள்ளியூர் அம்மாவுக்கு எழுதின நேபாள எண்ணுக்கு அந்த ஊரில் நம்பிக்கையான ஒருவரை வைத்துப் பேசச் சொல். பள்ளிக்கூடக் கட்டணம் நிஜமாகவே தேவை என்றால் பள்ளிக்கே கட்டலாம், அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் கூட இருக்கிற பிள்ளைகள் அவளை என்ன பாடு படுத்துவார்கள் என்றும் நினைத்துப் பார்.

பதிலே போடாமல் விட்டுவிடாதே, அது அவளுக்கு இன்னொரு அடி. உன் செய்தி கிடைத்தது, இல்லத்து அக்காவிடம் பேசியிருக்கிறேன், நீ நல்லா இருக்கணும் என்று எழுது, அந்த அக்காவுக்கும் தெரிந்தே எழுது. எப்போ வருவீங்க என்ற கேள்விக்கு, டிக்கெட் கையில் இல்லாத வரைக்கும், வருவேன் என்று மட்டும் எழுதிவிடாதே.